ஒரே கம்ப்யூட்டர், மூன்று மொழி: ஒவ்வொரு மென்பொருளுக்கும் தனித்தனி மொழி வைப்பது எப்படி

கூடலூரில் இறங்கினால் ஊட்டி, மைசூர், கோழிக்கோடு என்று மூன்று பக்கமும் சாலை பிரிகிறது. தமிழ்நாடு, கேரளா, கர்நாடகா மூன்றும் பக்கத்தில் இருக்கிற ஊர். எங்கள் ஜெராக்ஸ் கடைக்கு வரும் வேலையும் அப்படித்தான் வரும். காலையில் தேவாலாவில் இருந்து ஒருவர் தாசில்தாருக்கு மனு அடிக்க வருவார், அது தமிழ். அடுத்து எருமாட்டில் இருந்து கல்யாணப் பத்திரிகை, அது மலையாளம். நடுவில் யாராவது ஒரு பிள்ளையின் ஸ்காலர்ஷிப் விண்ணப்பம், அது இங்கிலீஷ்.

கம்ப்யூட்டர் ஒன்றுதான். தமிழ் டைப்பிங் நான், மலையாளம் சேச்சி, கணக்கும் ஆன்லைன் வேலையும் கடைக்கார அண்ணன். சேச்சிக்கு இங்கிலீஷ் மெனு படிக்கச் சிரமம். ஒரு ஜூலை மாத மழை நாளில், ஆள் இல்லாத நேரம் பார்த்து, அவர் மொத்த விண்டோஸையும் மலையாளத்துக்கு மாற்றி விட்டார். அவர் விரும்பியதில் எந்தத் தப்பும் இல்லை. தினமும் எட்டு மணி நேரம் பார்க்கிற திரை தனக்குப் படிக்கத் தெரிந்த எழுத்தில் இருக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றும். ஆனால் மறுநாள் காலை நான் வந்து உட்கார்ந்தபோது ஒரு சொல் கூடப் படிக்க முடியவில்லை. வாசலில் மனுவுக்கு நான்கு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். பிரிண்டர் எங்கே, கோப்பு எங்கே என்று ஐகான் படத்தை வைத்துத் தேடியே அரை மணி நேரம் போனது.

அன்று சாயங்காலம் மூன்று பேரும் உட்கார்ந்து ஒன்று முடிவு செய்தோம். கம்ப்யூட்டரின் பொது மொழி இங்கிலீஷாகவே இருக்கட்டும். ஆனால் ஒவ்வொருவரும் அதிகம் பயன்படுத்தும் மென்பொருள் அவரவர் மொழியில் இருக்கட்டும். இது முடியும் என்றே பலருக்குத் தெரியாது. நாங்கள் செய்து பார்த்ததை, புதிதாகப் பழகுபவர்களுக்காக வரிசையாக எழுதுகிறேன்.

முதலில், "மொழி" என்பது ஒன்றல்ல

கடைக்கு வந்து "தமிழுக்கு மாத்திக் குடுங்க" என்று கேட்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, எதை மாற்ற வேண்டும் என்பதுதான். ஏனென்றால் கம்ப்யூட்டருக்குள் மொழி நான்கு இடத்தில் தனித்தனியாக இருக்கிறது.

ஒன்று, மெனுவின் மொழி. பட்டன்களிலும் எச்சரிக்கைகளிலும் தெரியும் எழுத்து இது. இரண்டு, கீபோர்டு. நீங்கள் விசையைத் தட்டினால் எந்த எழுத்து விழுகிறது என்பது. மூன்று, நீங்கள் எழுதுகிற பத்தியின் மொழி. பிழை திருத்தி எந்த அகராதியைப் பார்க்க வேண்டும் என்று இதுதான் சொல்கிறது. நான்கு, தேதியும் எண்ணும் எழுதும் முறை. ஐந்தாம் தேதி ஆகஸ்ட் என்பது 5/8 ஆக வர வேண்டுமா, 8/5 ஆக வர வேண்டுமா, லட்சத்துக்குக் கமா எங்கே விழ வேண்டும் என்பதெல்லாம் இதில் வரும்.

ஒன்றை மாற்றினால் மற்றது தானாக மாறாது. மெனுவைத் தமிழாக்கிவிட்டு, "தட்டினால் இன்னும் இங்கிலீஷ்தானே வருது" என்று வருத்தப்படுபவர்கள் நிறைய. அது வேறு அமைப்பு, அவ்வளவுதான்.

தொடங்கும் முன் பார்க்க வேண்டியது

விண்டோஸ் விசையையும் ஐ விசையையும் சேர்த்து அழுத்தினால் செட்டிங்ஸ் திறக்கும். அதில் சிஸ்டம், அதற்குள் அபவுட் போய், எடிஷன் என்ற வரியைப் படியுங்கள். "ஹோம் சிங்கிள் லாங்குவேஜ்" என்று இருந்தால், அந்த விண்டோஸின் திரை மொழியை மாற்றவே முடியாது. நம் ஊரில் கடையில் வாங்கும் பல லேப்டாப்களில் இந்த எடிஷன்தான் போட்டு வருகிறது. பயப்பட வேண்டாம். கீபோர்டு சேர்க்கலாம். கீழே சொல்லும் பெரும்பாலான மென்பொருள்களில் தனியாக மொழியை மாற்றலாம். விண்டோஸ் விடாததை பயர்பாக்ஸ் என்ற பிரவுசரும் லிப்ரே ஆபிஸ் என்ற எழுத்து மென்பொருளும் விடும்.

மொழித் தொகுப்புகளை இணையத்தில் இருந்து இறக்க வேண்டியிருக்கும். எங்கள் பக்கம் தென்மேற்குப் பருவமழையில் கரண்டும் நெட்டும் சேர்ந்தே போகும். வேண்டியதை எல்லாம் வெயில் நாளில் ஒரே மூச்சில் இறக்கி வைத்துக்கொள்வது நல்லது. பாதியில் நின்ற தொகுப்பு அடுத்த முறை நிறுவும்போது தொந்தரவு கொடுக்கும்.

ஒவ்வொருவருக்கும் விண்டோஸில் தனிக் கணக்கு போட்டுக்கொள்ளலாமே என்று கேட்பீர்கள். போடலாம். திரை மொழி கணக்குக்குக் கணக்கு வேறாக இருக்க முடியும். வீட்டில் அது நல்ல வழி. கடை மாதிரி பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை ஆள் மாறும் இடத்தில், ஒவ்வொரு முறையும் கணக்கை மாற்றி உள்ளே போவது சரிப்படாது.

கீபோர்டு: ஜன்னலுக்கு ஒரு மொழி

எல்லாவற்றிலும் அதிகப் பலன் தருவது இதுதான். அதனால் இதை முதலில் செய்யுங்கள்.

செட்டிங்ஸில் டைம் அண்ட் லாங்குவேஜ், அதற்குள் லாங்குவேஜ் அண்ட் ரீஜியன். ஆட் எ லாங்குவேஜ் என்பதை அழுத்தி, தமிழ் என்று தேடி, தமிழ் (இந்தியா) தேர்ந்தெடுங்கள். நிறுவும் முன் ஒரு பட்டியல் வரும். அதில் "செட் ஆஸ் மை விண்டோஸ் டிஸ்ப்ளே லாங்குவேஜ்" என்ற கட்டத்தில் டிக் இருந்தால் கட்டாயம் எடுத்து விடுங்கள். எங்கள் கடையில் அன்று நடந்தது இந்த ஒரு டிக்கால்தான்.

மொழி சேர்ந்ததும் அதன் பக்கத்தில் உள்ள மூன்று புள்ளியை அழுத்தி லாங்குவேஜ் ஆப்ஷன்ஸ் போனால் எந்தத் தமிழ்க் கீபோர்டு வேண்டும் என்று தேர்ந்தெடுக்கலாம். தமிழ் 99, தமிழ் அஞ்சல், தமிழ் ஃபொனெட்டிக் எல்லாம் இருக்கும். தமிழ் 99 என்பது 1999-ல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டி வந்த விசை அமைப்பு. உயிரெழுத்துகள் இடது கைக்கும், அதிகம் வரும் மெய்கள் வலது கைக்கும் விழும்படி அடுக்கியிருப்பார்கள். எச் விசையில் க, ஜே விசையில் ப, கே விசையில் ம. தினமும் தட்டச்சு செய்யப் போகிறீர்கள் என்றால் இதைப் பழகச் சொல்வேன். முதல் இரண்டு வாரம் விரல் தடுமாறும், அப்புறம் வேகம் கூடும். எப்போதாவது எழுதுபவர்களுக்கு இங்கிலீஷ் ஒலியைத் தட்டித் தமிழ் வாங்கும் ஃபொனெட்டிக் போதும்.

இனி முக்கியமான படி. டைம் அண்ட் லாங்குவேஜில் டைப்பிங், அதற்குள் அட்வான்ஸ்டு கீபோர்டு செட்டிங்ஸ். விண்டோஸ் 10 என்றால் டிவைசஸ் என்பதற்குள் டைப்பிங் இருக்கும். அங்கே "லெட் மீ யூஸ் எ டிஃபரென்ட் இன்புட் மெத்தட் ஃபார் ஈச் ஆப் விண்டோ" என்று ஒரு வரி. அதில் டிக் போடுங்கள்.

இதன் பயனை ஒரு காட்சியாகச் சொல்கிறேன். மனு அடித்துக்கொண்டிருக்கும்போது அவசரமாக ஒருவர் விண்ணப்பத்தின் நிலை பார்க்க வருவார். பிரவுசரைத் திறந்து பாஸ்வேர்டைத் தட்டுவோம். பாஸ்வேர்டு கட்டத்தில் வெறும் புள்ளிதான் தெரியும். கீபோர்டு தமிழில் நிற்பது கண்ணுக்குத் தெரியாது. ஒரு தடவை தப்பு, இரண்டாம் தடவை தப்பு, மூன்றாம் தடவை கணக்கு பூட்டிக்கொள்ளும். வந்தவர் பந்தலூரில் இருந்து பஸ் பிடித்து வந்தவராக இருப்பார். எங்கள் கடையில் இது வாரம் ஒரு தடவையாவது நடந்தது. அந்த டிக் போட்ட பிறகு, டைப் செய்யும் ஜன்னல் தமிழில் நிற்கும், பிரவுசர் ஜன்னல் இங்கிலீஷில் நிற்கும். ஒன்றில் இருந்து இன்னொன்றுக்குப் போகும்போது கீபோர்டு தானாகவே கூடவே மாறும்.

கையால் மாற்ற விண்டோஸ் விசையும் ஸ்பேஸ் பாரும் போதும். திரையின் வலது கீழ் மூலையில், கடிகாரத்துக்குப் பக்கத்தில், எந்த மொழி என்று சிறு குறியீடு தெரியும். பாஸ்வேர்டு தட்டும் முன் அந்த மூலையை ஒரு தடவை பார்க்கும் பழக்கத்தைப் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுங்கள்.

பிரவுசர்

பயர்பாக்ஸில் வலது மேல் மூலையில் உள்ள மூன்று கோட்டை அழுத்தி, செட்டிங்ஸ், ஜெனரல், கொஞ்சம் கீழே இறங்கினால் லாங்குவேஜ். அதில் உள்ள பட்டியலில் தமிழ் இல்லையென்றால், பட்டியலின் கடைசியில் மேலும் மொழிகளைத் தேடும் வரி இருக்கும். அதை அழுத்தித் தமிழைச் சேர்த்து, தேர்ந்தெடுங்கள். பிரவுசரை மூடித் திறக்கச் சொன்னால் செய்யுங்கள். மெனு தமிழில் வந்துவிடும்.

அதற்கு அடுத்தே இன்னொரு பட்டன் இருக்கும். இணையப் பக்கங்களை எந்த மொழியில் கேட்க வேண்டும் என்பதற்கு அது. அதில் தமிழை மேலே வைத்தால், தமிழ்ப் பதிப்பு வைத்திருக்கும் தளங்கள் சில நேரடியாகத் தமிழில் வரும். எல்லாத் தளமும் இதை மதிக்காது. அரசுத் தளங்கள் பலவற்றில் பக்கத்தின் மேலேயே தமிழ், ஆங்கிலம் என்று தனிப் பட்டன் இருக்கும். அது அந்தத் தளத்துக்கு மட்டும் உரியது.

ஒரே பயர்பாக்ஸை இரண்டு மொழியில் வைத்துக்கொள்ளவும் வழி இருக்கிறது. முகவரிப் பட்டையில் அபவுட், முக்காற்புள்ளி, புரொஃபைல்ஸ் என்று இங்கிலீஷில் இடைவெளி இல்லாமல் தட்டினால் புரொஃபைல் பக்கம் வரும். அங்கே புதிதாக ஒன்று உண்டாக்கி, அதைத் திறந்து, அதில் மட்டும் வேறு மொழி வைக்கலாம். புக்மார்க், சேமித்த பாஸ்வேர்டு எல்லாம் தனித்தனியாகி விடும். அண்ணனின் இங்கிலீஷ் பயர்பாக்ஸும் என் தமிழ்ப் பயர்பாக்ஸும் இப்போது இப்படித்தான் இருக்கின்றன.

குரோமிலும் எட்ஜிலும் செட்டிங்ஸில் லாங்குவேஜஸ் போய், தமிழைச் சேர்த்து, பக்கத்து மூன்று புள்ளியில் பிரவுசரை இந்த மொழியில் காட்டு என்ற வரியைத் தேர்ந்தெடுத்து, மறுபடி தொடங்கினால் போதும். விண்டோஸில்தான் குரோம் இந்த வரியைத் தரும். மேக்கிலும் லினக்ஸிலும் அது கம்ப்யூட்டரின் மொழியைப் பார்த்துக்கொண்டே போகும்.

ஒரு எச்சரிக்கை. பக்கத்தை மொழிபெயர்க்கட்டுமா என்று பிரவுசர் கேட்கும். படிப்பதற்கு அது நல்லது. ஆனால் விண்ணப்பப் படிவம் நிரப்பும்போது அதை நிறுத்தி விடுங்கள். ஊர்ப் பெயரையும் ஆள் பெயரையும் அது சொல்லாக நினைத்து மொழிபெயர்த்துக் காட்டும், எதைத் தேர்ந்தெடுத்தோம் என்றே குழம்பிவிடும்.

லிப்ரே ஆபிஸ்: பொறுமையாகச் செய்ய வேண்டிய இடம்

லிப்ரே ஆபிஸ் காசு கொடுக்காமல் கிடைப்பது. 2010-ல் ஓப்பன் ஆபிஸில் இருந்து பிரிந்து வந்தது. மொழி விஷயத்தில் இவ்வளவு விரிவான அமைப்பு வேறு எந்த எழுத்து மென்பொருளிலும் நான் பார்த்ததில்லை. எங்கள் கடையில் சேச்சியின் பிரச்சினை தீர்ந்ததும் இதனால்தான்.

முதல் படி, நிறுவும்போதே. டிபிகல், கஸ்டம் என்று இரண்டு வழி கேட்கும். கஸ்டம் தேர்ந்தெடுங்கள். அதில் கூடுதல் மெனு மொழிகள் என்ற பகுதியை விரித்தால் பெரிய பட்டியல் வரும். தமிழ், மலையாளம், கன்னடம் என்று வேண்டியதை எல்லாம் சேர்த்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே நிறுவி விட்டீர்களா? அதே நிறுவும் கோப்பை மறுபடி ஓட்டி, மாடிஃபை என்பதைத் தேர்ந்தெடுத்தால் இதே பட்டியல் வரும். சேர்க்காத மொழி உள்ளே போய்த் தேடினாலும் கிடைக்காது. பலர் இந்த இடத்தில்தான் "தமிழே இல்லை" என்று விட்டு விடுகிறார்கள்.

இரண்டாம் படி. லிப்ரே ஆபிஸில் எழுதுவதற்கான பகுதியான ரைட்டரைத் திறந்து, டூல்ஸ் மெனுவில் ஆப்ஷன்ஸ். இடது பக்கப் பட்டியலில் லாங்குவேஜஸ் அண்ட் லொக்கேல்ஸ் என்பதை விரித்து ஜெனரல். பழைய பதிப்பில் லாங்குவேஜ் செட்டிங்ஸ், அதற்குள் லாங்குவேஜஸ் என்று இருக்கும். இந்த ஒரே பக்கத்தில் நான் மேலே சொன்ன நான்கில் மூன்று இருக்கிறது. நிதானமாகப் பாருங்கள்.

மேலே யூசர் இன்டர்ஃபேஸ். இது மெனுவின் மொழி. இங்கே தமிழ் அல்லது மலையாளம்.

அடுத்து லொக்கேல். இது தேதி, எண், நாணயம். இதை இங்கிலீஷ் (இந்தியா) அல்லது தமிழ் (இந்தியா) என்று வையுங்கள். ரூபாய்க் குறியும் நாள், மாதம், ஆண்டு என்ற வரிசையும் வந்துவிடும். மெனு ஒரு மொழி, லொக்கேல் வேறு மொழி என்று இருப்பதில் எந்தச் சிக்கலும் இல்லை.

அதற்கும் கீழே ஆவணங்களின் இயல்பு மொழி. இங்கே மூன்று பெட்டி இருக்கும்: வெஸ்டர்ன், ஏஷியன், காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட். தமிழை ஏஷியனில் தேடாதீர்கள். அது சீனம், ஜப்பான், கொரிய மொழிகளுக்கானது. தமிழும் மலையாளமும் காம்ப்ளெக்ஸ் பெட்டியில் இருக்கின்றன. நம் எழுத்தில் 'கொ' என்று எழுதினால் க-வுக்கு முன்னும் பின்னும் குறி ஏறுகிறதே, அப்படி எழுத்துகள் ஒன்றோடொன்று சேர்ந்து உருவம் மாறும் மொழிகளை இந்தப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள். பெட்டி மங்கலாக இருந்தால் பக்கத்தில் டிக் போட்டால் திறக்கும். வெஸ்டர்னில் இங்கிலீஷ் (இந்தியா), காம்ப்ளெக்ஸில் தமிழ். இப்போது திறந்திருக்கும் ஆவணத்துக்கு மட்டும் போதும் என்றால் அதற்கும் தனியாக ஒரு டிக் இருக்கிறது.

ஓகே கொடுத்தால் மறுபடி தொடங்கட்டுமா என்று கேட்கும். திறந்த கோப்புகளைச் சேமித்துவிட்டு ஆம் சொல்லுங்கள். திரும்ப வரும்போது மெனு தமிழில் இருக்கும்.

மூன்றாம் படியைப் பலர் விட்டு விடுவார்கள். அதே ஆப்ஷன்ஸில் லிப்ரே ஆபிஸ் ரைட்டர் என்பதை விரித்தால், அடிப்படை எழுத்துருக்களுக்கு இரண்டு பக்கம் இருக்கும்: வெஸ்டர்னுக்கு ஒன்று, காம்ப்ளெக்ஸுக்கு ஒன்று. காம்ப்ளெக்ஸ் பக்கத்தில் நிர்மலா, லதா போன்ற தமிழ் எழுத்துரு ஒன்றைத் தேர்ந்தெடுத்து அளவையும் வையுங்கள். இதைச் செய்யாவிட்டால், இங்கிலீஷ் 12 அளவிலும் தமிழ் வேறு அளவிலும் வந்து, மனு பார்க்க ஏற்ற இறக்கமாக இருக்கும். அளவை மேலே இருந்து மாற்றியும் தமிழ் மாறவில்லையே என்று தடுமாறுவதற்கும் காரணம் இதுதான். இரண்டும் தனித்தனி அளவு.

எழுதிக்கொண்டிருக்கும்போது ஜன்னலின் கீழ்ப் பட்டையில் நடுவில் மொழியின் பெயர் தெரியும். அதை அழுத்தினால் தேர்ந்தெடுத்த வரிக்கோ, பத்திக்கோ மொழியை மாற்றலாம்.

ஒருநாள் கோத்தகிரி பக்கத்து ஹட்டியில் (படுகர் ஊரை ஹட்டி என்பார்கள்) இருந்து வந்த ஒரு அண்ணன், திருவிழாவுக்குப் படுகப் பாட்டு ஒன்றை அச்சடிக்கக் கொடுத்தார். தமிழ் எழுத்தில் எழுதியிருந்தது. படுக மொழியை எங்கள் பட்டியலில் காணவில்லை. தமிழ் என்று வைத்தால், அகராதி போட்டிருக்கும் கம்ப்யூட்டரில் ஒவ்வொரு சொல்லுக்கும் கீழே சிவப்புக் கோடு விழும். தன் தாய்மொழிப் பாட்டு முழுக்கத் தப்பு என்று கோடு போட்டு நிற்பதைப் பார்க்க யாருக்கும் மனசு வராது. அந்த மாதிரி நேரத்தில் பத்தி முழுவதையும் தேர்ந்தெடுத்து, கீழ்ப் பட்டையில் நன், அதாவது மொழி எதுவும் இல்லை என்பதைத் தேர்ந்தெடுங்கள். எழுத்து தமிழாகவே இருக்கும், கோடு போய்விடும்.

மைக்ரோசாஃப்ட் ஆபிஸ்

வேர்டில் ஃபைல், ஆப்ஷன்ஸ், லாங்குவேஜ். மேலே டிஸ்ப்ளே லாங்குவேஜ், கீழே எழுதவும் பிழை திருத்தவும் ஆன மொழிகள். தமிழ் இல்லையென்றால் கூடுதல் மொழியை நிறுவும் இணைப்பு அங்கேயே இருக்கும். ஒன்றை மறக்காதீர்கள்: வேர்டில் டிஸ்ப்ளே மொழியை மாற்றினால் எக்செலும் பவர்பாயின்ட்டும் சேர்ந்தே மாறும். ஆபிஸ் மொத்தமும் ஒரே குடும்பம், அதற்குள் தனித்தனியாகப் பிரிக்க முடியாது. எங்கள் அண்ணனுக்கு எக்செல் இங்கிலீஷில்தான் வேண்டும் என்பதால் ஆபிஸை அப்படியே விட்டோம். தமிழும் மலையாளமும் லிப்ரே ஆபிஸுக்குப் போய்விட்டன.

சிவப்புக் கோட்டுக்கு, பத்தியைத் தேர்ந்தெடுத்து ரெவ்யூ, லாங்குவேஜ், செட் ப்ரூஃபிங் லாங்குவேஜ். பிழை பார்க்க வேண்டாம் என்ற டிக்கும் அங்கேதான்.

தேதி மாறினால் கணக்கு மாறும்

மகளிர் குழுவின் சேமிப்புக் கணக்கை எக்செலில் ஏற்றிக்கொண்டிருந்தோம். மாதவாரியாக வரிசைப்படுத்தினால் சில வரிகள் மட்டும் கீழே போய் நின்றன. உற்றுப் பார்த்தால், சில தேதிகள் கட்டத்தின் வலது ஓரத்தில், சில இடது ஓரத்தில். அதுதான் துப்பு. கம்ப்யூட்டரின் வட்டார முறை அமெரிக்க இங்கிலீஷில் இருந்தது. 5/8 என்று தட்டினால் அது மே 8 என்று எடுத்துக்கொண்டு வலது ஓரத்தில் வைத்தது. 25/8 என்று தட்டினால் இருபத்தைந்தாம் மாதம் இல்லையே, அதனால் வெறும் எழுத்தாக இடது ஓரத்தில் விட்டது. இடது ஓரத்தில் நின்றதைக் கண்டுபிடித்து விடலாம். வலது ஓரத்தில் தப்பான மாதத்தோடு நின்றதுதான் ஆபத்து. பார்க்கச் சரியாகவே தெரியும்.

எக்செல் இதை விண்டோஸில் இருந்து எடுக்கிறது. லாங்குவேஜ் அண்ட் ரீஜியனில், ரீஜினல் ஃபார்மட் என்பதை இங்கிலீஷ் (இந்தியா) என்று வையுங்கள். திரை மொழி எதுவானாலும் இதைத் தனியாக மாற்றலாம். லட்சத்துக்கு 1,00,000 என்று கமா விழுவதும் இதனால்தான். இதை மாற்றும் முன் தட்டிய தேதிகள் தானாகத் திருந்தாது, ஒவ்வொன்றாகச் சரிபார்க்க வேண்டும். லிப்ரே ஆபிஸில் எக்செல் மாதிரி உள்ள கால்க் தன்னுடைய லொக்கேலைத் தனியாக வைத்துக்கொள்ளும், மேலே சொன்னோமே.

டேலியில் கணக்கு எழுதுபவர்களுக்கும் இதே யோசனை உதவும். அதில் திரையின் மொழி ஒன்று, பதிவு செய்யும் மொழி வேறொன்று என்று தனித்தனியாக வைத்துக்கொள்ளலாம்.

மற்றவை, சுருக்கமாக

கிம்ப் (படம் திருத்துவது): எடிட், பிரெஃபரன்சஸ், இன்டர்ஃபேஸ், அதில் லாங்குவேஜ். மூடித் திறக்க வேண்டும். விஎல்சி (வீடியோ பார்ப்பது): டூல்ஸ், பிரெஃபரன்சஸ், முதல் பக்கத்திலேயே மெனுஸ் லாங்குவேஜ். சேவ் கொடுத்து மூடித் திறங்கள்.

படம் வரையும் கிரீட்டாவிலும், அதை உருவாக்கும் கேடிஈ குழுவின் மற்ற மென்பொருள்களிலும் செட்டிங்ஸ் மெனுவில் (பழைய பதிப்பு என்றால் ஹெல்ப் மெனுவில்) மொழியை மாற்றும் வரி நேரடியாகவே இருக்கும். அதில் இரண்டாம் மொழியும் வைக்கலாம். தமிழ் முதலில், மொழிபெயர்ப்பு இல்லாத இடத்தில் மலையாளம் அல்லது இங்கிலீஷ் என்று.

மொழிபெயர்ப்பு இல்லாத இடம் இருக்குமா என்றால், இருக்கும். இந்த இலவச மென்பொருள்களைத் தமிழாக்குபவர்கள் பெரும்பாலும் தன்னார்வலர்கள். அதனால் மெனு பாதி தமிழ், பாதி இங்கிலீஷாகத் தெரிந்தால் உங்கள் அமைப்பில் கோளாறு இல்லை. ஒரே பட்டனுக்கு ஒவ்வொரு மென்பொருளிலும் ஒவ்வொரு சொல்லும் வரும். ஒன்றில் அமைப்புகள், இன்னொன்றில் விருப்பங்கள். ஒன்றில் திருத்து, இன்னொன்றில் தொகு. முதல் வாரம் இது குழப்பும். கோப்பு, சேமி, அச்சிடு மூன்றையும் கண்ணுக்குப் பழக்கிக்கொண்டால் மீதி தானாக வரும்.

அரசு 2011 முதல் மாணவர்களுக்குக் கொடுத்த மடிக்கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸ் என்ற இன்னொரு இயங்குதளமும் இருந்தது. அந்தப் பழைய லேப்டாப்பில் லினக்ஸ் வைத்திருக்கும் பிள்ளைகள் இன்னும் வருகிறார்கள். லினக்ஸில் ஒரு மென்பொருளை மட்டும் தமிழில் திறக்க, கட்டளை தட்டும் ஜன்னலான டெர்மினல் போதும். போனில் கேட்பவர்களுக்கு நான் சொல்வது போலவே சொல்கிறேன்: லாங்குவேஜ் என்ற சொல்லை முழுக்க இங்கிலீஷ் பெரிய எழுத்தில் தட்டுங்கள். இடைவெளி விடாமல் சமன் குறி. அதை ஒட்டிச் சிறிய எழுத்தில் டி, ஏ. இப்போது ஒரு இடைவெளி. அப்புறம் மென்பொருளின் பெயர் சிறிய எழுத்தில். என்டர். அந்த ஒரு தடவைக்கு மட்டும் தமிழில் திறக்கும். மலையாளம் என்றால் டி, ஏ இடத்தில் எம், எல். அந்த மென்பொருளின் தமிழ்த் தொகுப்பு ஏற்கெனவே நிறுவியிருக்க வேண்டும்.

மேக் வைத்திருப்பவர்களுக்கு வேலை சுலபம். 2019-ல் வந்த கேட்டலினா முதல், லாங்குவேஜ் அண்ட் ரீஜியன் பக்கத்திலேயே ஆப்ஸ் அல்லது அப்ளிகேஷன்ஸ் என்று ஒரு பகுதி இருக்கிறது. கூட்டல் குறியை அழுத்தி, செயலியையும் மொழியையும் சொன்னால் போதும். ஆண்ட்ராய்டு போனில் 13-ஆம் பதிப்பில் இருந்து இதே வசதி வந்தது. செட்டிங்ஸில் மொழிப் பகுதிக்குள் ஆப் லாங்குவேஜஸ் என்று இருக்கும். எந்தச் செயலி ஒத்துழைக்கிறதோ அது மட்டும் பட்டியலில் வரும்.

இன்னொன்று. பழைய கோப்பைத் திறந்தால் தமிழுக்குப் பதில் அர்த்தமில்லாத இங்கிலீஷ் எழுத்தாகத் தெரிகிறது என்று பென் டிரைவோடு வருவார்கள். அது மொழி அமைப்பால் தீராது. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்ததாக இருக்கும். அந்த எழுத்துருவை நிறுவினால் படிக்கலாம். நிரந்தரமாக வேண்டும் என்றால், இப்போது எல்லா இடத்திலும் பயன்படும் பொது எழுத்து முறையான யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ள வேண்டும்.

திரும்பி வரும் வழி

எதை மாற்றினாலும், மாற்றும் முன் அந்த இடத்துக்குப் போகும் வழியை எண்ணாக எழுதி வையுங்கள். படிக்கத் தெரியாத மொழியில் திரை நின்றாலும் எண் உதவும். மேலே இடமிருந்து எத்தனையாவது மெனு, அதில் மேலிருந்து எத்தனையாவது வரி, உள்ளே எத்தனையாவது பெட்டி. செட்டிங்ஸ் திறக்கும் விண்டோஸ், ஐ குறுக்குவழி எந்த மொழியிலும் மாறாது. கன்ட்ரோல் எஸ் சேமிக்கும், கன்ட்ரோல் பி அச்சிடும். மொழிப் பட்டியலில் ஒவ்வொரு மொழியின் பெயரும் பெரும்பாலும் அதன் சொந்த எழுத்திலேயே இருக்கும். அதனால் தமிழ் என்று தேடினால் கண்ணில் படும்.

நாங்கள் ஒவ்வொரு மென்பொருளுக்கும் இந்த எண்களை ஒரு அட்டையில் எழுதி, மானிட்டர் பக்கத்தில் தொங்க விட்டிருக்கிறோம். முன்பக்கம் என் கையெழுத்தில் தமிழ். பின்பக்கம் சேச்சி அதையே மலையாளத்தில் எழுதி வைத்திருக்கிறார்.